ஒரு புரோட்டீனுக்கு ஒரு ஆயுளா?

இந்த மாதம் ஒரு அம்மாவின் கேள்வி. மகளுக்குப் பதினாறு வயசு, பயாலஜியில் நல்ல மார்க். மெடிசின்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவே பண்ணிவிட்டார்கள். அவளோ கோடை லீவில் ஒரு பல்கலைக்கழக லேபில் நாலு வாரம் இருந்துவிட்டு வந்து, "எனக்கு ரிசர்ச்தான் வேணும்" என்கிறாள். அந்த லேபின் பேராசிரியர், செல்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன, அதில் ஒரு கைனேஸ் என்ன செய்கிறது என்பதை மட்டும் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். "ஒரே ஒரு புரோட்டீன், அதுக்கு ஒரு ஆயுளா? ஊர்ல இருந்து எங்க மாமியார் கேட்கறாங்க, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்னு. எனக்கே பதில் தெரியல."

மாமியார் கேட்டது நல்ல கேள்வி, பதிலும் இருக்கிறது. அது நியூயார்க்கில் ஒரு கோழியில் தொடங்கி, சென்னையில் ஒரு பேட்டன்ட் அலுவலகம் வழியாகப் போகிறது. கொஞ்சம் நீளம்தான், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கைனேஸ் என்றால் என்ன? அது ஒரு வேலையின் பெயர். செல்லுக்குள் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு இருக்கிறது, அதன் வாலில் மூன்று பாஸ்பேட். புரோட்டீன் கைனேஸ் அதில் கடைசி பாஸ்பேட்டைக் கழற்றி வேறொரு புரோட்டீன் மேல் கொண்டுபோய் வைக்கும். வேலை அவ்வளவுதான். ஆனால் பாஸ்பேட்டுக்கு மின்னேற்றம் உண்டு. அது மேலே ஏறியதும் அந்தப் புரோட்டீனின் வடிவம் மாறலாம், அது யாரோடு போய்ச் சேரும் என்பதும் மாறலாம். தூங்கிக்கொண்டிருந்தது விழித்துக்கொள்ளும், சில சமயம் விழித்திருந்தது தூங்கிப்போகும். பாஸ்பட்டேஸ் என்று இன்னொரு கூட்டம் பின்னாலேயே வந்து பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். வீட்டில் பிள்ளை அறைக்கு அறை லைட்டைப் போட்டுக்கொண்டே போக, அப்பா பின்னாலேயே அணைத்துக்கொண்டு வருவார் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். 2002ல் மனித ஜீன்கள் முழுக்கத் தேடி எண்ணியபோது 518 கைனேஸ்கள் கிடைத்தன. சுமார் 20,000 ஜீன்களில் 518 இந்த ஒரே வேலைக்கு என்றால், உடம்பு அதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கோழி. நியூயார்க் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட்டில் பெய்டன் ரௌஸ் என்ற இளம் ஆய்வாளர். கோழி வளர்க்கிற ஒருவர், கட்டி வந்த தன் கோழியை அவரிடம் கொண்டுவந்தார். ரௌஸ் அந்தக் கட்டியை அரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, வடிந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. செல்லைவிடச் சின்னதான ஏதோ ஒன்று, அதாவது ஒரு வைரஸ், புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று 1911ல் எழுதினார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோழிக்கு வருவது மனுஷனுக்கு எதற்கு? அதற்கு நோபல் பரிசு வந்தது 1966ல், ரௌஸுக்கு அப்போது 87 வயது.

அந்த வைரஸில் கட்டியை உண்டாக்கும் ஜீனுக்குப் பெயர் சார்க். 1976ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹரால்ட் வார்மஸ் குழு ஒரு விசித்திரத்தைக் கண்டது. நோயே இல்லாத சாதாரணக் கோழியின் டி.என்.ஏ.விலும் சார்க்குக்கு ஒரு சகோதரன் இருக்கிறான். வைரஸ்தான் என்றைக்கோ கோழியிடமிருந்து அதைத் திருடிக்கொண்டு போயிருக்கிறது. புற்றுநோய்க்கு விதை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, நம் சொந்த ஜீன் ஒன்று கட்டுப்பாடு இழந்தாலே போதும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் உறுதிப்பட்டது. இதற்கு 1989ல் நோபல். அப்படியானால் சார்க் என்ன வேலை செய்கிறது? 1978ல் ரே எரிக்சன் குழு அதற்குப் பதில் சொன்னது. அது ஒரு கைனேஸ்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஆள் வருகிறார். டோனி ஹன்டர், இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் படித்தவர். கலிஃபோர்னியாவில் கடலோரம் இருக்கும் சால்க் இன்ஸ்டிட்யூட்டில் லேப். 1979ல் அவர் பார்த்துக்கொண்டிருந்தது எலிகளைத் தாக்கும் பாலியோமா என்ற வேறொரு வைரஸ். அதன் புரோட்டீனில் எந்த அமினோ அமிலத்தின் மேல் பாஸ்பேட் உட்காருகிறது என்று தெரிய வேண்டும். செரின், திரியோனின் என்று இரண்டு இடம்தான் அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. புரோட்டீனை உடைத்து, துண்டுகளை ஒரு தட்டில் வைத்து, பஃபர் என்கிற அமிலக் கரைசலில் நனைத்து மின்சாரம் கொடுப்பார்கள். ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் புள்ளியாக நிற்கும்.

பஃபரின் பி.எச். அளவு 1.9 இருக்க வேண்டும். ஹன்டர் புதிதாகக் கலக்கச் சோம்பல்பட்டு, பழையதையே திரும்பத் திரும்ப உபயோகித்துக்கொண்டிருந்தார். இதை அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். அப்படிப் பழசாகிப்போன கரைசலின் பி.எச். 1.7க்கு இறங்கிவிட்டது. 1.9ல் திரியோனின் புள்ளியும் அவர் கடைசியில் கண்டுபிடித்த புள்ளியும் ஒன்றின் மேல் ஒன்றாகவே நிற்கும், 1.7ல் பிரிந்துவிடும். யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஒரு மூன்றாவது புள்ளி. "ஏதோ அழுக்கு" என்று தூக்கிப்போட்டிருக்கலாம். அவர் போடவில்லை. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலும் பாஸ்பேட் ஏற முடியுமே என்று யோசித்து, பாஸ்பேட் ஏறிய டைரோசினைத் தானே தயாரித்துப் பக்கத்தில் ஓட்டிப் பார்த்தார். அதேதான்! சார்க்கும் திரியோனினில் பாஸ்பேட் வைக்கிறது என்றுதான் மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். ஹன்டரும் அதே இன்ஸ்டிட்யூட்டின் பார்ட் செஃப்டனும் சேர்ந்து 1980ல் சார்க்கும் டைரோசின் ஆள்தான் என்று காட்டினார்கள். மற்றவர்கள் ஒழுங்காகப் புது பஃபர் கலந்ததால்தான் அவர்களுக்கு அது தெரியவில்லை என்பது இந்தக் கதையின் குறும்பு. (பாத்திரம் கழுவாத பிள்ளைகளிடம் இதைச் சொல்லாதீர்கள்.)

சாதாரண செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு 10,000க்கு 3 அளவுதான். சார்க் கட்டுப்பாடு இழந்த செல்லில் அது சுமார் பத்து மடங்காகிறது. எண்ணிக்கையில் இத்துனூண்டு. ஆனால் செல்லை வளரச் சொல்வது, பிரியச் சொல்வது, நகரச் சொல்வது போன்ற பெரிய உத்தரவுகள் பல இந்த வழியாகத்தான் போகின்றன. 518ல் 90 கைனேஸ்கள் டைரோசின் வகை.

மாமியாரிடம் சொல்ல வேண்டிய பகுதி இனிமேல்தான்.

சி.எம்.எல். என்று ஒரு ரத்தப் புற்றுநோய். 1960ல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் ஒரு குரோமோசோம் குட்டையாக இருப்பதைப் பார்த்தார்கள். ஏன் குட்டை என்று 1973ல் சொன்னவர் சிகாகோவின் ஜேனட் ரௌலி. டாக்டருக்குப் படித்தவர், நாலு பையன்களின் அம்மா, பல வருஷம் பாதி நேர வேலைதான் பார்த்தார். குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கத்தரிக்கோலால் வெட்டி, ஜோடி சேர்ப்பார். அம்மா காகிதப் பொம்மை விளையாடுகிறாள் என்று பிள்ளைகள் கிண்டல் பண்ணுவார்களாம். அந்த மேஜையில்தான், 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருப்பது தெரியவந்தது. இடம் மாறிய இடத்தில் இரண்டு ஜீன்கள் ஒட்டிப்போய் ஒரு புதுப் புரோட்டீன் பிறக்கிறது. அந்தப் புரோட்டீன், அணைக்க முடியாத சுவிட்ச் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு டைரோசின் கைனேஸ்.

அணைக்க முடியாத சுவிட்சை அடைக்க ஒரு மருந்து செய்தால்? சுவிட்சர்லாந்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் நிக் லைடன் குழு அப்படி மூலக்கூறுகள் தயாரித்தது. ஆரகனில் பிரையன் ட்ரக்கர் என்ற டாக்டர் அதை சி.எம்.எல். செல்களில் சோதித்துப் பார்த்து, நோயாளிகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று விடாமல் நின்றார். ஏ.டி.பி. வந்து உட்காரும் பள்ளத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும், கைனேஸ் கை கட்டி நிற்கும். 1998ல் முதல் நோயாளிகள். போதுமான அளவு மருந்து எடுத்த 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியானது. புற்றுநோய் மருந்துகளில் இப்படி ஒரு எண்ணை யாரும் பார்த்ததில்லை. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இமாட்டினிப் என்பது மருந்தின் பெயர், கிளிவெக் என்பது கடைப் பெயர். தொடர்ந்து கவனித்த நோயாளிகளில் பத்து வருஷம் கழித்து 83 சதவீதம் பேர் உயிரோடிருந்தார்கள்.

சென்னை எங்கே வருகிறது என்றால், விலையில். நோவார்ட்டிஸ் விற்ற கிளிவெக் இந்தியாவில் மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து பத்தாயிரத்துக்கும் கீழே. நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்டை 2006ல் மறுத்தது சென்னை பேட்டன்ட் அலுவலகம். பழைய மருந்தின் ஒரு புதுப் படிக வடிவம், அதனால் குணமாக்கும் திறன் கூடியதாகக் காட்டவில்லை என்பது காரணம். அதற்கு ஆதாரமான சட்டப் பிரிவு 3(டி)யே செல்லாது என்று கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, 2007 ஆகஸ்டில் தோற்றது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று பேட்டன்ட் கிடையாது என்று முடித்துவைத்தது. பல நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்தோம் என்பது கம்பெனியின் வாதம், அதுவும் உண்மைதான். ஆனாலும் என் பார்வையில் அந்தத் தீர்ப்பு சரி. இலவசம் என்பது கொடுக்கிறவர் கையில் இருக்கிறது, குறைந்த விலை வாங்குகிறவர் கையில் இருக்கிறது.

ஊரில் உங்கள் பெரியப்பாவோ அத்தையோ இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். அப்படி இருந்தால் ஒரு விஷயம் போனில் கேட்டுவிடுங்கள், நாள் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று. "இப்பதான் நல்லா இருக்கே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துவது நம் பெரியவர்களுக்குக் கைவந்த கலை. பல வருஷம் மருந்து எடுத்து, நோயின் தடமே டெஸ்டில் தெரியாமல் போனவர்களில் சிலரை டாக்டர்கள் நிறுத்திப் பார்க்கிறார்கள், சுமார் பாதிப் பேருக்கு நோய் திரும்பாமலும் இருக்கிறது. ஆனால் அது அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டு செய்கிற வேலை, தானாக நிறுத்துவது அல்ல. மூலிகைப் பொடி, கஷாயம் எது எடுத்தாலும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பம்ப்ளிமாஸ் இனத்துப் பழமான கிரேப்ஃப்ரூட் ஜூஸ் கூடவே கூடாது, மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும்.

சரி, அந்தப் பெண் போன லேபில் செய்வது ஒட்டுதல் பற்றியாச்சே, ரத்தப் புற்றுநோய் இல்லையே என்று கேட்கலாம். அதுவும் இதே குடும்பம்தான்.

நம் செல்கள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. ரத்த அணு மாதிரி சில தவிர, பெரும்பாலானவை எதையாவது பற்றிக்கொண்டு நிற்கின்றன. செல்லின் தோலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைகளுக்கு இன்டெக்ரின் என்று பெயர். அவை வெளியே ஃபைப்ரோனெக்டின், கொலாஜன் போன்ற நார்களைப் பிடிக்கும், உள்ளே செல்லின் எலும்புக்கூட்டோடு இணைந்திருக்கும். இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ருவோஸ்லாட்டி, டிமத்தி ஸ்ப்ரிங்கர் மூவருக்கும் 2022ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்தக் கை இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு, மிக மிக அபூர்வமாக. வெள்ளணுக்களுக்கு மட்டும் உரிய ஒரு இன்டெக்ரின் குறைபாடு. புண் வந்தால் வெள்ளணு ரத்தக் குழாயின் சுவரைப் பிடித்து இறங்கி அங்கே போக வேண்டும். பிடிக்கக் கை இல்லாததால் ரத்தத்தில் கூட்டம் கூட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், புண்ணில் சீழ்கூடக் கட்டாது. முதல் அடையாளம் பல சமயம் தொப்புள்கொடி. வழக்கமாக ஒன்றிரண்டு வாரத்தில் விழுவது, ஒரு மாதம் தாண்டியும் விழாமல் இருக்கும். கொடி தாமதமாக விழும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள், அதனால் பயம் வேண்டாம். ஆனால் கூடவே திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் டாக்டரிடம் இந்தக் கொடி விஷயத்தையும் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்தால்தான் இந்த நோய். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் இன்னும் நடக்கிற குடும்பங்களில் இப்படிப்பட்ட நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல் என்பதை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

மறுபடி சார்க். 1980ல் லாரி ரோர்ஷ்னைடர், அந்தப் புரோட்டீன் செல்லுக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடினார். செல் தரையைப் பற்றியிருக்கும் அதே இடங்களில்! சார்க் பிடித்த செல்கள் உருண்டு திரண்டு தரையை விட்டுக் கிளம்பிவிடுவதை எல்லோரும் முன்பே பார்த்திருந்தார்கள், ஏன் என்று அப்போது பாதி புரிந்தது. 1992ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரு புது டைரோசின் கைனேஸைக் கண்டுபிடித்தன. இன்டெக்ரின் நாரைப் பிடித்ததும் விழித்துக்கொள்வது, இருக்கும் இடமும் அந்த ஒட்டுமிடம். சுருக்கப் பெயர் ஃபேக். மூவரில் ஒருவரான ஸ்டீவன் ஹேங்க்ஸ் முன்பு ஹன்டரின் லேபில் இருந்தவர்.

ஃபேக் இருந்தால்தான் செல் ஒட்டும் என்றுதானே நினைப்போம்? 1995ல் ஜப்பானில் ஃபேக் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். குட்டிகள் கருவிலேயே இறந்தன. அவற்றின் செல்களைத் தனியே வளர்த்துப் பார்த்தால், ஒட்டுமிடங்கள் குறையவில்லை, அதிகமாகியிருந்தன! ஆனால் செல் நகரவில்லை. சுவரில் ஏறும் பல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்கால் பிடிக்க, பின்கால் விட வேண்டும். எல்லாக் காலும் பிடித்துக்கொண்டே இருந்தால் பல்லி அங்கேயேதான் இருக்கும். ஃபேக், சார்க் இரண்டும் சேர்ந்து, பிடித்த இடத்தை விடுவதற்கு உதவுகின்றன. கருவில் செல்கள் தம் இடத்துக்கு நடந்து போவதற்கும் புண் ஆறுவதற்கும் இது வேண்டும். புற்றுநோய்ச் செல் வேறு உறுப்புக்குப் பரவுவதற்கும் இதையேதான் கடன் வாங்கிக்கொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. குடல், தோல் போன்ற இடங்களில் உள்ள செல் பிடி நழுவி மிதந்தால், தானே தன்னை முடித்துக்கொள்ளும். 1994ல் இதற்கு வைத்த பெயர் அனோய்கிஸ், கிரேக்கத்தில் வீடற்ற நிலை என்று பொருள். உடனே இதை வைத்துப் புலம்பெயர்ந்தவர் கவிதை எழுத நமக்குக் கை அரிக்கும், நான் எழுதப்போவதில்லை. விஷயம் இதுதான்: ஃபேக் எந்நேரமும் விழித்தபடி இருந்தால், பிடி இல்லாத செல்லும் "பிடித்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று ஏமாந்து சாகாமல் இருந்துவிடுகிறது. ரத்தத்தில் மிதந்து போகும் புற்றுநோய்ச் செல்லுக்கு வேறென்ன வேண்டும்?

அதனால் ஃபேக்கை அடைக்கும் மருந்துக்குப் பல வருஷமாக முயற்சி நடந்தது. டிஃபாக்டினிப் என்ற மருந்தை, நுரையீரலைச் சுற்றிய உறையில் வரும் புற்றுநோய்க்குச் சோதித்தார்கள். பலன் தெரியாமல் 2015ல் நிறுத்தினார்கள். 2025 மே மாதம், அதே டிஃபாக்டினிப் இன்னொரு மருந்தோடு சேர்ந்து, சினைப்பையில் வரும் ஒரு அபூர்வப் புற்றுநோய் திரும்பி வந்தவர்களுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதிலும் ஒரு குறிப்பிட்ட ஜீன் மாற்றம் உள்ளவர்களுக்கு மட்டும். 1992லிருந்து எண்ணினால் 33 வருஷம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன், நேர்ப் பேச்சாகவே. ஆராய்ச்சிப் பாதையில் பணம் குறைவு, காலம் அதிகம். அமெரிக்காவில் பி.எச்.டி.க்கே ஐந்தாறு வருஷம், அதன்பின் போஸ்ட்டாக். அதையும் முடித்தவர்களில் பேராசிரியர் ஆகிறவர்கள் சிறுபான்மைதான், மற்றவர்கள் மருந்துக் கம்பெனி, பேட்டன்ட் வேலை, கற்பித்தல் என்று போகிறார்கள். இதை அவளிடம் மறைக்க வேண்டாம். மறுபக்கம், அங்கே சயின்ஸ் பி.எச்.டி.க்குப் பெரும்பாலும் நாம் ஃபீஸ் கட்டுவதில்லை, அவர்கள்தான் மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை கொடுப்பார்கள். மெடிசினா ரிசர்ச்சா என்று பதினாறு வயசில் கோடு கிழிக்கவும் தேவையில்லை. பிஷப், வார்மஸ், ரௌலி, ட்ரக்கர் எல்லோரும் டாக்டருக்குப் படித்தவர்கள். ஹன்டரும் லைடனும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் கோர்ஸும் உண்டு, சீட்டுகள் குறைவு.

அதற்குள், அந்த நாலு வாரத்தில் அவள் எடுத்த ஜெல் படம் போனில் கட்டாயம் இருக்கும். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள். எந்தக் கோடு அவளுடைய புரோட்டீன், பாஸ்பேட் ஏறியது எது, ஏறாதது எது என்று அடுத்த வீடியோ காலில் பாட்டிக்குச் சொல்லச் சொல்லுங்கள். தமிழில். கைனேஸ், பாஸ்பேட், ஜெல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், பரவாயில்லை.